லிப்ட்டுக்காரிக்கு மட்டும் திறந்த கதவு

என் பிரியமுள்ள தங்கைக்கு,

உன் அக்கா, மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதுவது. உன் மூட்டுவலி, உன் வீட்டாரின் சௌக்கியம், உன் மருமகளின் கோபம் எல்லாம் ஒரு நிதானத்தில் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஒருத்தியைத் தவிர எல்லோரும் சுகம். அந்த ஒருத்தியும் இப்போது சுகம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியவனின் மகன் கப்பலில் இரண்டாவது எஞ்சினீயர் ஆகிவிட்டான். அவனுக்கு மேலே ஒரே ஒரு ஆள்தான், கீழே கடல். அவன் தங்கை வக்கீல் ஆகி முதல் வழக்கில் நின்றாள். தோற்றுத்தான் போனாள், ஆனால் அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்டதாம், ஜட்ஜே சொன்னாராம். மகள் வயிற்றுப் பேரன் பல் டாக்டருக்குப் படிக்கிறான். என் வாயில் மிச்சமிருக்கும் பற்களை வேறு யாரிடமும் காட்டாமல் அவனுக்கென்றே பத்திரமாக வைத்திருக்கிறேன். சின்னவனுக்குப் பிறந்தது ஒரே ஒரு மகள், அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அந்த நீளப் பேருந்து, நடுவில் மடிகிறதே, அதை. அவள் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர்கள் திருப்பத்தில்கூடக் கம்பியைப் பிடிப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்றால் யாராவது நம்புவார்களா, நீயே சொல்.

இந்தப் பேருந்துக்காரியைப் பற்றித்தான் கடிதம். அவளோடு ஒரு பெண் இருக்கிறாள், லிப்ட் ரிப்பேர் செய்கிறவள். நான் லிப்ட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவேன், அவளும் என்ன பாட்டி என்று திரும்புவாள். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அலமாரி. இதற்கு மேல் விளக்கினால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய், விளக்காவிட்டால் புரியாத மாதிரி இருப்பாய், அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன்: புருஷன் பெண்டாட்டி எப்படியோ அப்படி. இதில் யார் புருஷன், யார் பெண்டாட்டி என்று நானும் கேட்டேன். எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியாதா. "ரெண்டு பேருமே பெண்டாட்டிதான் பாட்டி, அதான் வீடு இவ்வளவு சுத்தமா இருக்கு" என்றாள் லிப்ட்டுக்காரி. போய்ப் பார்த்தேன், அப்படியொன்றும் சுத்தமாக இல்லை.

என் பேத்திக்கு ரொம்ப நாளாக வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு வலி. டாக்டரிடம் போ என்றால் போக மாட்டாள். ஏன் என்று குடைந்து குடைந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. முன்னே ஒருமுறை போயிருக்கிறாள். கல்யாணம் ஆச்சா, இல்லை. கர்ப்பமா இருக்க வாய்ப்பு உண்டா, இல்லை. எப்படி இவ்வளவு நிச்சயமாச் சொல்றே என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வயிற்றை விட்டுவிட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாராம். காலாகாலத்தில் ஒரு கல்யாணம் பண்ணிக்கோ, எல்லாம் சரியாப் போகும் என்று முடித்தாராம். அன்றைக்கு மாத்திரை டப்பாவோடு வீடு வந்தவள்தான், அப்புறம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டால் வயிற்றுவலி போகும் என்றால், எனக்குப் பித்தப்பையில் கல் வந்தது உன் அத்தானைக் கட்டிக்கொண்ட பிறகுதானே. அந்த டாக்டர் கையில் கிடைத்தால் கேட்பேன்.

போன வாரம் டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவள் படியிலேயே சுருண்டுவிட்டாள். பரம்பரைச் சொத்து, அதே கல். பித்தப்பை வீங்கியிருக்கிறது, உடனே எடுக்காவிட்டால் உள்ளேயே வெடித்துவிடும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள், வயசானவர்கள் கூட இருந்தால் கேள்வி குறையும் என்று. ஆனால் லிப்ட்டுக்காரியைத் தங்கச்சி என்று சொல்வதாக அவர்கள் இருவரும் முன்னாலேயே பேசி வைத்திருந்ததை மட்டும் என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.

மேசையில் இருந்த நர்சம்மா நல்ல மாதிரி, என்னைக் கண்டதும் நாற்காலி இழுத்துப் போட்டாள். நோயாளிக்கு வீட்டுக்காரர் இல்லையா என்று கேட்டாள். இல்லை. கூட இருக்கிறது யாரு? தங்கச்சி என்றாள் என் பேத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் குடும்பத்தில் ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் எனக்குப் பொறுக்குமா? தங்கச்சியா, இவ ஒத்தைப் பிள்ளையாச்சே, தங்கச்சி முறை ஆகணும்னா என் பெரியவன் மகதான், அவ வக்கீல், அவ அண்ணன் கப்பல்ல இருக்கான் என்று ஆரம்பித்து, உனக்கு மேலே எழுதினதையெல்லாம் பல் டாக்டர் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். நர்சம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்போ இவங்க யாரு பாட்டி?" என்றாள்.

அப்போதுதான் என் பேத்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தரைக்குள் போயிருக்க வேண்டும். சரி, கெடுத்ததை நானே ஒட்டவைக்கிறேன் என்று, என் மகனுக்கு மருமக முறை என்றேன். யோசித்துப் பார், அதில் பொய் ஏதாவது இருக்கிறதா? அப்போ உங்க பேரன் சம்சாரமா, கப்பல்ல இருக்கறவரா என்றாள். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே என்றேன், நாக்கு நிற்காமல். பல் டாக்டரா? அவன் படிச்சிக்கிட்டு இருக்கான். அதற்குள் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என் குடும்பத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். புருஷனின் தம்பி பெண்டாட்டியை ஓரகத்தி என்கிறோம், பெண்டாட்டியின் தங்கை புருஷனைச் சகலை என்கிறோம், உறவுக்குப் பெயர் வைப்பதில் நம் ஆட்கள் சளைத்தவர்களா? இதற்கு மட்டும் ஏன் எவரும் ஒரு பெயர் வைக்கவில்லை என்று அங்கே நின்றுகொண்டே எனக்கு யோசனை ஓடியது. கடைசியில் ரத்த சம்பந்தம் ஒருத்தர் மட்டும்தான் உள்ளே என்று சொல்லி, என்னை உள்ளேயும் லிப்ட்டுக்காரியை வெளியேயும் விட்டார்கள்.

என் பேத்தி கட்டிலில் ஏறிப் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். வீட்டுக்குப் போறேன் என்பது மட்டும்தான் வாயில் வந்தது. உள்ளே வெடித்துவிடும் என்கிறார்கள், இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மயக்க மருந்துக்காரர் வந்து, இவங்களுக்கு ஒத்துக்காதது ஏதாவது உண்டா பாட்டி என்றார். பால் ஒத்துக்காது என்றேன். அது அவள் தவழ்கிற காலத்துச் சங்கதி, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடைசியா எப்போ சாப்பிட்டாங்க, என்ன மாத்திரை போட்டாங்க என்றார். அவளோடு ஒரே வீட்டில் இருப்பவளை வாசலில் நிறுத்திவிட்டு, பெருநாளுக்கு ஒரு தரம் பார்க்கிறவளிடம் இதையெல்லாம் கேட்டால் எப்படி? என்னவோ போல இருந்தது எனக்கு.

கீழே இறங்கிப் போனேன். வண்டிகள் நிற்கும் இடத்தில், லிப்ட்டுக்காரி தன் சின்ன வேனில் சாய்ந்துகொண்டு, அழாத மாதிரி நின்றுகொண்டிருந்தாள். வேனுக்குள் அவள் வேலைச் சட்டை தொங்கியது, முதுகில் கம்பெனி பெயர் போட்டது. எனக்கு உடனே ஒரு யோசனை. "அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டுப் பையைத் தூக்கிக்கிட்டு வா" என்றேன். என்ன சொல்ல, தங்கச்சி. சற்று முன்னால் அவளைக் கையைக் காட்டித் தடுத்த அதே வாசல்காரன், வாங்க வாங்க, ரெண்டு நாளா குலுங்குது, எத்தனை தடவை போன் பண்றது என்று கதவை அகலத் திறந்தான். என் பேத்தியைப் பார்க்க வந்தவளுக்குத் திறக்காத கதவு, லிப்ட்டைப் பார்க்க வந்தவளுக்குத் திறந்தது. ஆனால் அதோடு விட்டானா? கையைப் பிடிக்காத குறையாக அவளை லிப்ட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். உள்ளே ஆள் இல்லை, நிறுத்திக்குங்க என்றும் சொல்லிவிட்டான். இவளும் தொழில் புத்தி, குலுங்குகிறது என்றதும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, நிறுத்திவிட்டு அதன் தலைமேல் ஏறிவிட்டாள்.

நான் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனால், கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன டாக்டர் பெண் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நின்றுகொண்டு கேட்கவில்லை, உட்கார்ந்து கேட்கிறாள். அவள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவில்லை.

"யார் பக்கத்துல இருந்தா உங்களுக்குத் தைரியமா இருக்கும்?"

அவ்வளவுதான் கேட்டாள். என் பேத்தி சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினாள். "வாசல்ல நிக்கிறாளே, அவ. நாங்க ஒண்ணா வாழறோம்" என்றாள். டாக்டர் பெண்ணின் முகத்தில் ஒரு மடிப்பும் விழவில்லை, நான் உற்றுத்தான் பார்த்தேன். அப்போ அவங்களைக் கூப்பிடலாமே என்று எழுந்தாள். அவ வாசல்ல இல்லை, உங்க லிப்ட் மேலே நிக்கிறா என்றேன் நான்.

போய்ப் பார்த்தால் அங்கே பெரிய கூட்டம். லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது. உள்ளே ஆள் இருக்கிறது. யார் என்றால், என் பேத்திக்கு ஆபரேஷன் செய்ய வேண்டிய பெரிய டாக்டர். உள்ளேயிருந்து அவர் தட்டுகிறார், மேலேயிருந்து லிப்ட்டுக்காரி, பயப்படாதீங்க சார், நான் இங்கேயேதான் இருக்கேன், எங்கேயும் போக மாட்டேன் என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே எதையோ திருகுகிறாள். லிப்ட் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வந்து நின்றது. வெளியே வந்தவர் வியர்த்துப் போய், யார் இந்த மெக்கானிக், யார் உள்ளே விட்டது என்று சத்தம் போட்டார். வாசல்காரன் என்னைக் காட்டினான். நான் டாக்டர் பெண்ணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"சார், இவங்க மெக்கானிக்கா வரலை. நோயாளியோட வீட்டு ஆள்" என்றாள் டாக்டர் பெண்.

"எந்த நோயாளி?"

"நீங்க இப்போ ஆபரேஷன் பண்ணப் போறவங்க."

அவர் லிப்ட்டுக்காரியை மேலும் கீழும் பார்த்தார். கையெல்லாம் மசகு. "போய்க் கையைக் கழுவிட்டு அவங்க பக்கத்துல உட்காருங்க" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "மேலே ஒரு ஆள் பேசிக்கிட்டே இருந்ததாலதான் நானே தாக்குப் பிடிச்சேன்" என்றார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். மயக்க மருந்துக்காரர் மறுபடி வந்தார். பால் எல்லாம் தாராளமாகக் குடிப்பா, ஒரு வலி மாத்திரைதான் ஆகாது, போட்டா உதடு வீங்கி மூச்சுத் திணறும் என்று அதன் பெயரையும் சொன்னாள். அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டில் அதைத்தான் எழுதி வைத்திருந்தாராம், அடித்துவிட்டு வேறு எழுதினார். பிறகு என் பேத்தி சம்மதம் என்றாள். கல்லை எடுத்துவிட்டார்கள். எனக்குக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். என்னுடையது இதைவிடப் பெரிது.

அந்த நர்சம்மாவும் மேலே வந்தாள். தப்பா நினைக்காதீங்க பாட்டி, எனக்கு எழுத ஒரு வார்த்தை வேணும், அதுக்குத்தான் கேட்டேன் என்றாள். வேண்டியவங்கன்னு எழுதிக்கோ என்றேன். எழுதிக்கொண்டாள்.

யார் பக்கத்துல இருந்தா தைரியம்னு கேட்கறதை எங்கே படிச்சே என்று டாக்டர் பெண்ணை நான் விடவில்லை. டாக்டர்களுக்கு ஒரு வகுப்பு வைத்து, ஆஸ்பத்திரிக்கு வருவதையே நிறுத்திவிட்ட சிலரை அதற்குக் கூப்பிட்டு, ஏன் வரலை என்று உட்கார்ந்து கேட்டார்களாம். ஒருவர், எனக்குத் துணையா இருக்கறவனை டிரைவர்னு சொல்லித்தான் கூட்டிட்டு வர முடியுது என்றாராம். ஒரு திருநங்கை, கூடம் நிறைய ஆள் இருக்கும்போது என் பழைய பேரைச் சத்தமாக் கூப்பிடறாங்க, தண்ணி குடிக்கப் போற மாதிரி எழுந்து அப்படியே வீட்டுக்குப் போயிடுவேன் என்றாளாம். அப்போ எந்தப் பேரைக் கூப்பிடணும் என்று கேட்டேன். அவங்க சொல்ற பேரை பாட்டி என்றாள். இவ்வளவு சுலபமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவை மேசை ஆட்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கும்போது என்னையும் வந்து பேசச் சொல்லியிருக்கிறாள். பேரப்பிள்ளைகளைப் பற்றி ஆரம்பிக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

இதெல்லாம் நம் இருவருக்குள் இருக்கட்டும். படித்து முடித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடு. முக்கியமாக உன் பேரன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள். குடும்பம் என்றால் நாலு விஷயத்தை மூடித்தான் வைக்க வேண்டும்.

நீ நீண்ட நாள் நடமாட்டத்தோடு இருக்க வேண்டும், உன் பிள்ளைகள் குறைவில்லாமல் இருக்க வேண்டும். உன் மருமகளுக்கு என் ஆசீர்வாதம், அவள் வாங்கிக்கொண்டால்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கிழிக்காதே. நான் இவ்வளவையும் எழுதியதே உன் பேரனுக்காகத்தான். கழுத்தில் கட்டி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் நழுவுகிறான், என்ன பிடிவாதமோ என்று போன கடிதத்தில் புலம்பியிருந்தாயே, அது பிடிவாதமில்லை. இதை அவன் கையில் கொடு. கொடுத்துவிட்டு, யார் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று மட்டும் கேள், வேறெதுவும் கேட்காதே. அவன் சொல்கிற ஆளோடு அவனை உடனே அனுப்பு. அப்புறம் நீ அனுப்பிய அவன் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓரத்தைக் கத்தரித்திருக்கிறாய். அவன் தோள்மேல் நாலு விரல் தெரிகிறது, விரலுக்குச் சொந்தக்காரனைக் காணோம். அந்தப் படத்தை என் அலமாரியில் வைக்க எனக்கு மனசில்லை. இரண்டு பேரும் முழுசாக இருக்கிற புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு.