இடது முன்சக்கரம்

கன்னையா மனதுக்குள் திருமலையின் கடைசி வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் முதல் ஸ்டட் போல்ட் ஒடிந்தது. ஸ்பானரும் அவரும் மல்லாந்து விழுந்தார்கள்.

அவருடைய நைனாவின் அம்பாசடர் ஆறு வருடமாக நகரியில், வீட்டு வாசலில் நிற்கிறது. வாரம் ஒருமுறை கன்னையா ஸ்டார்ட் மட்டும் செய்வார். இடது முன்சக்கரத்தில் டயர் கிழிசல். மாற்று டயர் தயார், சக்கரம்தான் கழலவில்லை. நட்டுகளைச் சுற்றி, மெழுகு உருகி உறைந்தாற்போல் துரு.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஓடலன்னா பழைய இரும்புக்குப் பூடும். ஓடுச்சுன்னா நானே முன்சீட்ல ஏர்றேன்," என்றாள் அவர் மனைவி தாட்சாயணி. சொல்லிவிட்டு நிம்மதியாகக் கீரை ஆய்ந்தாள்.

"ஓடும். உன்ன முன்சீட்ல வெச்சுக்கினு திருப்பதிக்கே போறேன் பாரு."

"போன தபா ஒக்காந்தனே. ஏரிக்குள்ள எறக்கினியே."

"அன்னிக்குத் தாமரை எவ்ளோ அழகா இருந்துச்சு!"

"கழுத்துமுட்டத் தண்ணில ஒக்காந்துக்கினு நான் தாமரையா பாத்தேன்?"

ஸ்டியரிங்கைப் பிடித்தால் கன்னையாவுக்குக் கண் திறந்தேதான் இருக்கும். ரோடு மட்டும் தெரியாது.

மண்ணெண்ணெய் ஊற்றினார். நட்டு அசையவில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தாட்சாயணியின் தம்பி முனிகிருஷ்ணன் வந்தான்.

"துரு மாமா. வுட்ரு," என்றான், தொட்டுப் பார்க்காமலே.

ஸ்பானருக்கு ஆளுயரக் குழாய் மாட்டினார். மிச்ச ஸ்டட்டுகளும் வரிசையாக ஒடிந்தன. சக்கரம் கழன்றது. ஜாக்கி சரிந்து, வண்டி கீரைக்கூடைமேல் உட்கார்ந்தது.

திருப்பதியில் பழைய சாமான் கடைக்காரர், "ஆ ஸ்டட்டு லேதன்னா," என்று வேறெதையோ கொடுத்தார். அது பிரேக் டிரம்மில் லொடலொடத்தது. மறுநாள் மறுபடி பஸ். இம்முறை இறுக்கம், அடித்து இறக்கியதில் டிரம்மே விரிசல் விட்டது. மூன்றாம் நாள் டிரம்மும் சேர்த்து வாங்கினார். திரும்பும்போது மலை நீலமாகக் கூடவே வந்தது. டிரம்மை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே வந்தவர், புத்தூர் வளைவில் வாயாலேயே ஹாரன் அடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, புது ஸ்டட்டுகளில் சக்கரம் ஏறியது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தார். என்ஜின் இருமியது, பிறகு உறுமியது.

தாட்சாயணிக்கு முகம் வெளுத்தது. சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? முன்சீட்டில் ஏறினாள்.

எலுமிச்சைகள் நசுங்கின. தெரு மெல்லப் பின்னால் மிதந்தது. பவர்லூம் சத்தம் தேய்ந்து, நின்றே போனது. கன்னையாவின் கண்ணெதிரே மலை, மேகம், கோபுரம்.

"ஏரி!" என்றாள் தாட்சாயணி.

"ஆமா. இன்னா அழகு!" என்றார்.

தாமரைகள் விலகி வழிவிட்டன.

கயிற்றோடு கரைக்கு ஓடிவந்த முனிகிருஷ்ணன், கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"நாலு சக்கரத்துக்கும் வெல்டு வெச்சுர்றேன்னு அப்பவே சொன்னனே, நீதானக்கா ஒண்ணு போதும்ன?"