பதினான்காம் விதியின் மாட்சிமை

உளவுத் தகவலைத் திரித்து நாட்டை ஏமாற்றிய தலைவர்களை என்ன செய்வது என்று பெரிய வல்லரசுகளே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன. ஆணைக்குழு என்கிறார்கள், ஆயிரம் பக்க அறிக்கை என்கிறார்கள். கடைசியில் தலைவர் நினைவுக் குறிப்பு எழுதப் போய்விடுகிறார். இந்த உலகப் பிரச்சினைக்கு ஒரே சனிக்கிழமையில், தேநீர் இடைவேளையும் உட்பட, தீர்வு கண்ட பெருமை எங்கள் ஸ்டுட்கார்ட் செந்தமிழ் வளர்ச்சிச் சங்கத்தையே சாரும். அதன் செயலாளராக அனைத்தையும் குறிப்பெடுத்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

எங்கள் தலைவர் தபோதரன் அண்ணை பத்தொன்பது ஆண்டுகளாகப் பதவியில் இருக்கிறார். பதவியில் அவருக்கு ஆசையே கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் "இந்த முறை வேறை ஆரும் வாங்கோ" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு யாரும் வந்ததில்லை. சங்கத்துக்கு ஓர் 'உளவுத்துறை' வேண்டும் என்று கண்டறிந்தவரும் அவரே. அதன் பணிப்பாளர் சிறீதரன் நகரப் பேருந்து ஓட்டுநர். ஒரே தெருவில் நாளுக்குப் பன்னிரண்டு தடவை போய்வருகிறவரைவிட இந்தப் பணிக்குத் தகுதியானவர் யார்?

சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்தியவர் கிருசாந்தி ரீச்சர். வார நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமைகளில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி என் மகள் மிதுசா. சென்ற நவம்பரில் பள்ளி மண்டபத்தின் ஹைற்சுங் பழுதாகி, சூடு நின்றுபோனது. பிள்ளைகள் கையுறையோடு 'அ' எழுதினார்கள். திருத்தித் தரும்படி ரீச்சர் சங்கத்துக்கு மூன்று அன்ராக் எழுதினார். மூன்று விண்ணப்பங்களும் என் கோப்பில் மிகப் பத்திரமாக இருந்தன.

ஜனவரியில் உளவுத்துறையிடமிருந்து தலைவரின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவர் அதை எனக்குக் காட்டினார்.

"கிருசாந்தி ரீச்சர் தேவாலய மண்டபத்துக்குள்ளை மூண்டு பெட்டி கொண்டு போறா. உள்ளுக்கை நிண்டு மேசையள் எண்ணுறா. எங்கடை மண்டபம் குளிர் எண்டதாலையும் இருக்கலாம். ஒருக்கா அவவைக் கேட்டால் தெரியும்."

"யோசப், உதை வடிவாத் தட்டச்சுச் செய்து சபைக்கு வையும்" என்றார் தலைவர். "கடைசி ரெண்டு வசனமும் வேண்டாம்."

"ஏன் அண்ணை?"

"அது தகவல் இல்லை, அபிப்பிராயம். சனம் குழம்பிப் போகும்."

என்ன நுட்பம்! நான் நீக்கினேன். நீக்கிய இடம் வெறுமையாகத் தெரிந்ததால், "போட்டிப் பள்ளி தொடங்கும் ஆயத்தம் என நம்பப்படுகிறது" என்று அவர் சொல்ல நான் சேர்த்தேன். யார் நம்புகிறார்கள் என்று இப்படிப்பட்ட அறிக்கைகள் சொல்வதில்லை. அதுதான் அவற்றின் கம்பீரம்.

அவசரக் கூட்டம் கூடியது. எதிரிக்குத் திட்டம் தெரியக் கூடாது என்பதால் ரீச்சருக்கு அழைப்பு இல்லை. பேருந்து சிவப்பு விளக்கில் நின்றபோது எடுத்த படத்தைத் தலைவர் திரையில் காட்டினார். மூன்று பெட்டிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இதுக்குள்ளை என்ன இருக்குதெண்டு எங்களுக்குத் தெரியாது. தெரியாததுதான் ஆபத்து!"

அறுபத்தொரு கைகள் உயர்ந்தன. என்னுடையது முதலாவது. அன்றே பள்ளி மண்டபத்தின் பூட்டு மாற்றப்பட்டது. ரீச்சர் நீக்கப்பட்டார். வகுப்புகள் 'தற்காலிகமாக' நிறுத்தப்பட்டன.

அடுத்த வாரம் தலைவர் தலைமையில் ஐவர் குழு தேவாலய மண்டபத்துக்குப் போய், ரீச்சரின் முன்னாலேயே பெட்டிகளைத் திறந்தது. நாற்பத்து மூன்று கொப்பிகள், வண்ணப் பென்சில்கள், அவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு மின்சூடாக்கி.

"பிள்ளையளைச் சூடான இடத்திலை வைச்சுப் படிப்பிக்கத்தானே பாத்தனான்" என்றார் ரீச்சர். "மூண்டு தரம் எழுதினனான் அண்ணை."

குழுவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன். தலைவர் மின்சூடாக்கியைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியளோ, நெருப்புப் பிடிக்கிற சாமான்!"

இங்கேதான் சனநாயகம் விழித்துக்கொண்டது. ரீச்சரிடம் தமிழ் படித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் கவிசா, இருபத்து நான்கு உறுப்பினர்களிடம் கையொப்பம் வாங்கித் தலைவருக்கு எதிராகப் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தாள். மண்டபம் நிரம்பியது. பின்கதவுக்கு அருகில் ரீச்சரும் வந்து நின்றார்.

"சிறீதரன் மாமா, நீங்கள் அனுப்பினது முழுக்க இவ்வளவுதானோ?" என்று கவிசா அறிக்கையை நீட்டினாள்.

பணிப்பாளர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "இல்லைப் பிள்ளை. அவவைக் கேட்டால் தெரியும் எண்டெல்லோ எழுதினனான். ஆரோ வெட்டிப் போட்டினம்."

சபை அந்த 'ஆரோ'வைத் தேடியது. நான் குறிப்பெடுப்பதில் மூழ்கியிருந்தேன்.

"தலைவர் தெரிஞ்சுகொண்டே பிழையான தகவல் தந்திருக்கிறார். பதினான்காம் விதிப்படி அவரை இறக்கலாம்" என்றாள் கவிசா.

தலைவர் சற்றும் கலங்கவில்லை. "விதியை வாசியும், யோசப்."

எங்கள் சங்கத்தின் விதித்தொகுப்பான யாப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் சங்கத்தைப் பதிவுசெய்ய ஒரு யாப்பு தேவைப்பட்டது. எங்களில் ஒருவருக்கும் எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் முயல் வளர்ப்போர் சங்கம் ஒன்றின் பொருளாளர். தங்கள் யாப்பைப் படியெடுத்துத் தந்தார். 'முயல்' வந்த இடமெல்லாம் 'தமிழ்' என்று மாற்றினோம். "முயல்களின் இனத்தூய்மையைப் பேணுதல்" என்பது "தமிழின் தூய்மையைப் பேணுதல்" ஆனது. எங்கும் இடிக்கவில்லை. பதின்மூன்று விதிகள் முடிந்தபோது சாப்பாடு வந்துவிட்டது.

நான் எழுந்து வாசித்தேன்: "தலைவர் பொய்யான தகவலை அறிந்தே சபையின் முன் வைத்து, அதனால் சங்கத்து முயல்களுக்குத் தீங்கு நேர்ந்தால், அவரைப் பதவி நீக்கலாம்."

"ஒத்துக்கொள்ளுறன்" என்றார் தலைவர். "தகவல் பிழை. தெரிஞ்சுதான் வைச்சனான். இப்ப சொல்லுங்கோ, எந்த முயலுக்கு என்ன நடந்தது?"

"மாமா, அது மாத்த மறந்த சொல். பிள்ளையளைத்தான் குறிக்குதெண்டு ஆருக்கும் விளங்கும்."

"விளங்கிறது வேறை, யாப்பு வேறை. நீர் சட்டம் படிக்கிற பிள்ளை. உமக்கு நான் சொல்லவோ?"

முன்வரிசையில் இருந்த மூத்த உறுப்பினர் அந்தோனிப்பிள்ளை அண்ணை கையை உயர்த்தினார். "என்ரை மகள் ஒரு முயல் வளர்த்தவ. அது செத்துப்போச்சு."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. கவிசாவின் முகத்தில்கூட ஒரு நம்பிக்கை தெரிந்தது.

"எப்ப செத்தது?"

"ரெண்டாயிரத்து எட்டிலை."

"அப்ப உளவுத்துறையே இல்லை" என்றார் தலைவர். அந்தோனிப்பிள்ளை அண்ணை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கையை இறக்கினார்.

தேநீருக்குப் பிறகு வாக்கெடுப்பு. தலைவர் எழுந்து நின்று கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கையொப்பம் வைத்தவர்கள் இருபத்து நான்கு பேர். உயர்ந்த கைகள் ஒன்பது. முறைப்படி எண்ணி எழுதினேன்.

எல்லோரும் நாற்காலிகளை மடிக்கும்போது ரீச்சர் என் மேசைக்கு வந்தார். "என்னை விடுங்கோ தம்பி. பூட்டையாவது திறப்பியளோ? பிள்ளையள் போன் எடுத்துக் கேக்கினம்."

"அது நிகழ்ச்சி நிரலிலை இல்லை அக்கா" என்றேன். உண்மையாகவே இல்லை. நிரலைத் தயாரித்தவன் நான்தான்.

மார்ச்சில் ஹைற்சுங் திருத்தப்பட்டது. பூட்டிய மண்டபம் இப்போது இதமான சூட்டில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் நீச்சலுக்குப் போகிறார்கள்; மீதிப் பேர் சனிக்கிழமைகளில் நன்றாகத் தூங்குகிறார்கள். பதினான்காம் விதியில் 'முயல்கள்' என்பதைப் 'பிள்ளைகள்' என்று மாற்றக் கோரிக் கவிசா மீண்டும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். "அப்பிடி மாத்தினால் ஒரு தலைவரும் பதவியிலை இருக்க ஏலாது" என்று தலைவர் விளக்கினார். சபை ஏற்றுக்கொண்டது. அதே கூட்டத்தில் நான் உபதலைவரானேன்.

நேற்று ஆண்டறிக்கையை எழுதி முடித்தேன். பள்ளி மாணவர் தொகை: இல்லை. முயல்களுக்கு நேர்ந்த தீங்கு: இல்லை. கையொப்பம் வைக்கும்போது மிதுசா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஜெர்மனில் கேட்டாள்.

"ஒருத்தருக்கும் ஒரு கெடுதியும் நடக்கேல்லை எண்டு எழுதியிருக்கு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.