கறுப்பு ஒயரில் மாட்டாத வேல்

சாமி பொருளைத் திருடியவர்கள் இருக்கிறார்கள். கைதவறி உடைத்தவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் கரைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் வருங்கால மாமனாருடைய வேலாயுதத்தை, தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது.

அப்போது மலேசியாவில், கோலாலம்பூர் பக்கத்துச் சுங்கை வேயில், உலோகப் பூச்சுப் போடும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று மாத அறிவு ஆபத்தானது. (முப்பது வருடம் செய்தவர் வாயே திறக்க மாட்டார்.) ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் காப்பாருக்குப் போவேன். அங்கேதான் எனக்கு நிச்சயம் செய்திருந்த யோகேஸின் வீடு. அவளுடைய அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். என்னைப் பற்றி அவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள் யோகேஸ்.

"அதான் நிச்சயமே ஆயிடுச்சே?"

"அது அம்மா முடிவு லா."

அவரை அசத்திவிட வேண்டும் என்றுதான் வாயை விட்டேன். அவர்கள் பூஜை அறையில் ஒரு சாண் நீள வேல் இருந்தது. யோகேஸ் பிறந்தபோது வேண்டிக்கொண்டு வாங்கியது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அதைக் காவடியின் உச்சியில் கட்டிக்கொண்டுதான் மாமா பத்துமலை ஏறுவார். மேலிருந்த செம்புப் பூச்சு போய், உள்ளே பித்தளை தேமல் மாதிரி தெரிந்தது.

"மாமா, இத நான் புதுசாக்கித் தரேன். ஃபேக்டரியில தினம் பண்றதுதான்." (ஃபேக்டரியில் நான் தினம் பண்ணியது, பூச்சுக்குப் போகும் சாமான் தட்டுகளைத் தூக்குவது.)

அவர் வேலாயுதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பாத்து செய்யிப்பா" என்றார்.

அடுத்த ஞாயிறு, அவர்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கடை விரித்தேன். காலி ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர், அதில் மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். தண்ணீர் அப்படியொரு நீலமானது. "பேர்லயே முருகன் வாகனம் இருக்கே" என்று யோகேஸின் அம்மா, என் வருங்கால அத்தை, கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் பழைய ஏர்கோனின், அதாவது ஏசியின், குழாயிலிருந்து வெட்டிய செம்புத் துண்டு, இன்னொரு பக்கம் வேல். மாமாவின் கார் பேட்டரி சார்ஜரிலிருந்து சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர்.

விதி எளிது. சிவப்பு ஒயரில் மாட்டுவது நேர்மின்வாய். அதிலிருக்கும் செம்பு, மின்னேற்றம் கொண்ட அயனிகளாகப் பிரிந்து தண்ணீரில் இறங்கும். கறுப்பில் மாட்டுவது எதிர்மின்வாய். அயனிகள் நீந்தி வந்து அதன்மேல் மறுபடியும் செம்பாகப் படியும். ஆகவே குழாய் சிவப்பில், வேல் கறுப்பில். நான் சரியாகத்தான் மாட்டினேன்.

"ஐயோ தம்பி!" என்றார் அத்தை. "சாமி வேல்ல போய்க் கறுப்பு மாட்டுறீங்க? தைப்பூச நேரத்துல! செவப்ப மாட்டுங்க, குங்குமக் கலரு."

படித்தது நினைவிருந்தது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் தினமும் கத்துவதும் நினைவிருந்தது. ஆனால் எனக்காக ஓட்டுப் போட்ட ஒரே ஆள் அத்தை. எப்படி மாட்டினால் என்ன, மின்சாரம் சுற்றித்தானே வரப்போகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு ஒயரை மாற்றினேன். பிறகு விரதச் சாப்பாடு, பாயசம், ஒரு குட்டித் தூக்கம்.

மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், வேலின் கூர் இல்லை. இரண்டு ஓரங்களும் இல்லை. முனை மழுங்கி, தோசைக் கரண்டியின் தங்கை போல ஒன்று நின்றது. எதிரே ஏர்கோன் குழாய் தடித்து, ரோஜா நிறத்தில் மினுமினுத்தது.

பயந்துதான் போனேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதையும் மீறி உடம்பு சிலிர்த்தது. பள்ளியில், படிவம் நான்கில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான், ஒருநாளும் நம்பியதில்லை. இப்போது கண்ணெதிரே ஓர் உலோகம் சத்தமில்லாமல், தடம் இல்லாமல், தெளிந்த நீலத்துக்குள் நடந்து அக்கரைக்குப் போயிருக்கிறது. இப்படிப்பட்ட உலகத்தில் நான் தட்டு தூக்கிக்கொண்டிருந்தேனே என்று இருந்தது.

பின்னால் மாமா நின்றார். "எங்க போச்சு?"

"அந்தப் பக்கம் போயிருச்சு மாமா."

"யார் எடுத்துட்டுப் போனா?"

"யாரும் இல்ல. அதுவே அணு அணுவா பிரிஞ்சு தண்ணி வழியா போய், அந்தக் குழாய்ல ஒட்டிக்கிச்சு."

"கண்ணுக்குத் தெரியாமயா?"

"தெரியாது மாமா."

அத்தை அழுதுகொண்டே, "நல்லவேள, கறுப்புல மாட்டல. மாட்டியிருந்தா என்ன ஆயிருக்குமோ" என்றார். யோகேஸ் என்னைப் பார்க்கவில்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்று என் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

மாமா டப்பாவின் முன் குந்தி உட்கார்ந்தார். நெடுநேரம் அந்த நீலத்தையே பார்த்தார். "அப்படியே மாத்தி மாட்டினா?"

"செம்பு திரும்பி வரும் மாமா. வேல் வராது."

அவர் தலையாட்டினார். ஏர்கோன் குழாயை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி, திருநீறு பூசி, இரண்டு கையாலும் ஏந்தினார். "அப்ப முருகன் இங்கதான் இருக்கான்" என்றார். அந்தத் தைப்பூசத்துக்கு ஏர்கோன் குழாய்தான் காவடியின் உச்சியில் ஏறியது. நான் பத்துமலைப் படி முழுக்க அவருக்குத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். மேலே போய்ச் சேர்ந்ததும், "அந்த அயனிய இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

கல்யாணம் நடந்தது. கிள்ளானில் மண்டபம் நிறையக் கூட்டம். கெட்டிமேளம் முழங்கத் தயார், ஐயர் தாலியை நீட்டுகிறார், நானும் கை நீட்டுகிறேன். மாமா இடையில் புகுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மாப்பிள்ள, கை காஞ்சிருக்கா?"

வேல் கரைந்த கதை தெரிந்த மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு எதைக் கொடுத்தாலும், கார் சாவியோ காப்பித் தம்ளரோ, முதலில் அந்தக் கேள்விதான் வரும். மகள் பிறந்தபோது மாமாதான் குழந்தையைத் தூக்கிவந்தார். கேட்கப்போகிறார் என்று தெரிந்து, அவர் வாயைத் திறப்பதற்குள் நான் இரண்டு கையையும் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் நீட்டினேன்.