நான் அடைத்த பாலக்காட்டுக் கணவாய்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த ஒரே வேலை, கேரளாவைச் செய்யுறது.

ஏழாவது படிக்கிற எம்பொண்ணு தேன்மொழிக்கு மறுநாள் ஸ்கூல்ல சமூக அறிவியல் கண்காட்சி. பலகையில கேரளா மேப் வரைஞ்சு, மலைநாடு, இடைநாடு, கடலோரம் மூணையும் மேடும் பள்ளமுமாக் காட்டணும். நல்லா இருந்தா சப் ஜில்லா போட்டிக்கு, அதான் வட்டார அளவுப் போட்டிக்கு, அனுப்புவாங்க. புள்ளைக்குச் சோறு தண்ணி எறங்கலை, அதே நெனப்பு.

"மேப்பும் களிமண்ணும் மட்டும் வாங்கிட்டு வாங்கப்பா, மத்ததை நான் பாத்துக்கறேன்"னா.

நான் விடுவனா? "மலையை அப்பன் கட்டித் தர்றேன் அம்மிணி"ன்னுட்டேன். கேரளாவுக்குள்ள, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில மாட்டுத் தீவனக் கடை வெச்சிருக்கறவனுக்கு மலையைப் பத்தி என்ன தெரியும்னு யாரும் கேக்கலை. கேட்டிருக்கலாம்.

எங்க ஊர்ல எது வேணும்னாலும் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிடுவோம். செருப்புல இருந்து கல்யாணப் பட்டு வரைக்கும் அங்கதான். பழக்க தோஷம், மேப்புக்கும் ஏறினேன். கடைக்காரர் உருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் குடுத்ததைப் பிரிச்சுக்கூடப் பாக்காம வாங்கிட்டு வந்தேன்.

ஊட்டுல விரிச்சா, தமிழ்நாடு!

"அப்பா, நம்ம ஊரே இதுல இல்லீங்களே!"

"ஓரத்துல வெள்ளையா இருக்குது பாரு, அங்கதான் இருக்கோம்"னேன்.

அவ ஒரு பார்வை பாத்தா. அப்புறம் பாடப் புத்தகத்தைப் பாத்து அவளே பலகையில கேரளாவை வரைஞ்சுட்டா.

களிமண்ணு? அதை மறந்தே போயிட்டேன். அதனாலென்ன, நம்ம கடையில மூட்டை மூட்டையா தவிடும் புண்ணாக்கும் இருக்கே! மைதாப் பசையில குழைச்சேன்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள மாட்டுக் கட்டுத்தரை வாசம் அடிக்குதுங்க!"ன்னு ஊட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கிட்டாங்க.

கலைஞன் காதுல அதெல்லாம் ஏறுமா? காசர்கோட்டுல ஆரம்பிச்சுத் திருவனந்தபுரம் வரைக்கும் ஒரே மூச்சுல மலையை எழுப்பினேன். ஜெயில் சுவர் மாதிரி நின்னுச்சு.

பொண்ணு கொஞ்ச நேரம் பாத்துட்டு மெதுவாக் கேட்டா, "அப்பா, பாலக்காட்டுக் கணவாய் எங்கீங்க?"

அட!

அந்தக் கணவாய்க் காத்துல வேட்டியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டே தினமும் கடை தொறக்கறவன் நான். அதையே அடைச்சுட்டேன்!

"வியாபாரிங்க, படைங்க எல்லாம் அது வழியாத்தான் வந்தாங்கன்னு பாடத்துல இருக்குதுங்கப்பா. அடைச்சுட்டா பாலக்காட்டுக் கோட்டைக்குப் படை எப்படி வரும்?"

"பொள்ளாச்சி பஸ்ஸே வராது அம்மிணி"ன்னு சிரிச்சுப் பாத்தேன்.

அவ சிரிக்கலை. "நாளைக்கு டீச்சர்கிட்ட இந்தக் கணவாயைப் பத்தித்தான் விளக்கிச் சொல்லப் போறேன்"னா. கண்ணுல தண்ணி முட்டிருச்சு. எனக்குப் பாவமாப் போச்சு. வெட்டியாப் பெருமை பேசின வாயை என்ன செய்ய!

கத்தியை எடுத்து நோண்டினேன். ஈரத்துல நெல்லியாம்பதி மலையே சரிஞ்சு கையோட வருது. "கொஞ்சம் காயட்டும், அப்புறம் வெட்டிக்கலாம்"னு வாசல் வெயில்ல பலகையை வெச்சுட்டு, உள்ள போய்க் கட்டில்ல சாஞ்சேன்.

பொண்ணு போட்ட சத்தத்துலதான் முழிச்சேன்.

"அப்பா! லட்சுமி கேரளாவைத் திங்குது!"

லட்சுமி எங்க பசு. கயிறு எப்படி அவுந்துச்சோ! தவிடு, புண்ணாக்கு, மைதா... அது கண்ணுக்கு மேப்பாவா தெரியும்? ஓடிப் போய்க் கயிறைப் பிடிச்சு இழுத்தேன். வர மனசில்லாம, ஆலப்புழைப் பக்கம் ஒரு குளம்பை அழுத்திட்டுத்தான் வந்துச்சு.

தலையில கை வெச்சு உக்காந்துட்டேன்.

பொண்ணு குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தா. நான் நோண்டி இளக்கி வெச்சிருந்த எடத்துலயே லட்சுமி வாய் வெச்சிருக்குது. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல நாக்கால நக்கி வழவழன்னு சமதரை.

"அப்பா, இது கணவாய்தானுங்களே! இந்தக் குளம்புத் தடத்துல நீலம் அடிச்சா வேம்பநாட்டுக் காயல்!"

சொன்னபடியே நீலத்தை எடுத்துப் பூசிட்டா.

மறுநாள் பலகையைத் தூக்கிட்டு நானும் ஸ்கூலுக்குப் போனேன். காத்து, வியாபாரம், படைன்னு புள்ளை ஒரு எடத்துல தடுமாறாம சொல்லி முடிச்சா.

டீச்சர் குனிஞ்சு பாத்தாங்க. "கணவாய் அசலா இருக்கு. காயலும் கொள்ளாம், நல்லா இருக்கு. மலையைத்தான் யாரோ அவசரத்துல அப்பி வெச்சிருக்காங்க. அது யாரு செஞ்சது?"

எம்பொண்ணு கொஞ்சங்கூட யோசிக்காம என்னைக் கை காட்டினா.

சப் ஜில்லாவுக்குத் தேர்வாயிட்டா. மலையை மட்டும் புதுசா செஞ்சு கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. சாயங்காலமே தவிடும் பலகையுமா உக்காந்துட்டேன்.

ஊட்டுக்காரம்மா வந்து நின்னாங்க.

"ஏனுங்க, நீங்க பிசைஞ்சு மட்டும் குடுங்க. மத்ததை லட்சுமி பாத்துக்கும்."