மதர்போர்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஓசூர்,
விஜயதசமி, 1998.

அன்பு மகள் சிரஞ்சீவி ராஜாத்திக்கு அப்பா ராமப்பன் ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். ஹாஸ்டல் சோற்றில் நீயும் சுகம்தான் என்று நம்பப் பார்க்கிறோம்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, ப்ராஜெக்ட் வேலை கிடக்கிறது, அதனால் தீபாவளிக்கு வர முடியாது என்று எழுதியிருந்தாய். கம்ப்யூட்டர்தானே, பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிவிடலாம் என்று டி.வி. ரிப்பேர் கடை ரசூலைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போனேன். மற்றதெல்லாம் பழசு போதும், மதர்போர்டு மட்டும் நல்லதாக இருக்க வேண்டும் என்றான். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் பாட்டு, படம் எல்லாம் அதிலேயே அடக்கம், விலையும் சல்லிசு. இன்னொன்றில் பின்னால் வேண்டியதைச் செருகிக்கொள்ள இடம் உண்டு, மூன்று வருஷம் கேரண்டி. ஃபேக்டரியில் வார்ப்படச் சாமான் செக்கிங் பண்ணின கை சும்மா இருக்குமா? இரண்டையும் தூக்கி எடை பார்த்தேன், கட்டை விரலால் அழுத்தி வளைகிறதா என்று பார்த்தேன். "அண்ணா, இது பிரேக் டிரம் இல்லண்ணா" என்று ரசூல் கையைப் பிடித்துக்கொண்டான். கனமானதையே வாங்கினேன். நீ லீவுக்கு லீவு வரும்போதெல்லாம் உழைக்க வேண்டுமே.

அத்திப்பள்ளி செக்போஸ்டில் பெட்டியில் என்ன என்று கேட்டார்கள். "எம்பொண்ண ஊட்டுக்கு வரவைக்கிற சாமான்" என்றேன். விட்டுவிட்டார்கள்.

ரசூல் பூட்டினான், ஓடியது. உன் பேரை அடித்தோம். திரையில பேரைப் பாத்துட்டு உங்கம்மா முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கிட்டா. அதோட நிறுத்தியிருக்கணும். நேத்து ஆயுத பூஜை. லேத்துக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கிற ஊர்ல இதுக்கு மட்டும் வைக்காம விடறதா? வெளித் தகரத்துக்கு வச்சா தகரத்துக்குத்தான் புண்ணியம்னு மூடியைக் கழட்டி, மதர்போர்டுக்கே சந்தனத்தைக் கொழகொழன்னு கரைச்சு வச்சு, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டேன். செத்துப்போச்சு. கேரண்டிக்குக் கொண்டுபோனா சந்தன வாசனையே காட்டிக் குடுத்துடுமாம்.

இனி படிச்ச நீ வந்து பாத்தாத்தான் உண்டு கண்ணு. உன் கட்டில்லதான் அதை வச்சுப் போர்வை போத்தியிருக்கோம். ஊடு சத்தமே இல்லாம கெடக்குது. எனக்குப் பிடிக்கல.

வேளைக்குச் சாப்பிடு. சன்னலோரம் இடம் கிடைக்கிற பஸ்ஸாகப் பார்த்து ஏறு. உன் தலைமேல் எங்கள் இருவர் கையும் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் ரசூல் வந்து ஸ்பிரிட்டும் பல் பிரஷ்ஷும் வைத்துத் துடைத்துக் காயவைத்தான். ஜோராக ஓடுகிறது. உன் அம்மா உடனே ஒரு ஒயரைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள், நீ வந்தால்தான் எடுப்பாளாம். இதை உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அதனால் நீ மேலே உள்ளதை மட்டும் படித்துவிட்டு வா.