பிக்கப்புக்கு வந்த ஜெர்மன் சோதனை

ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் சக்கரம் வைத்த பொருள் எதுவும் மெக்கானிக் பிக்கப்பிடம் திட்டு வாங்காமல் தப்பித்தது கிடையாது. லாரி, பஸ், மாட்டு வண்டி, தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே தீர்ப்புதான்: "ஸ்டார்ட்டிங்ல பிக்கப் இல்ல." விரிஞ்சிபுரம் தேரோட்டத்துக்கு ஒருமுறை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, இவர் என் காதில், "கெளம்பறதுதான் பேஜாரு. கெளம்பிட்டா ஜோரா போவுது பாரு" என்றார்.

சக்கரம் இல்லாதவற்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. என் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் கண்ணை மூடி நிதானமாக ராகம் இழுத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிக்கப், "இன்னாய்யா, இன்னும் செகண்ட் கியரே போடல?" என்று சத்தமாகக் கேட்டார். என் மாமனார் அந்தக் கேள்விக்காக என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் அப்போது ஒரு தோல் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவு டைப்பிஸ்ட். பிக்கப் அங்கே மெக்கானிக். எண்பதுகளின் தொடக்கம். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் வீட்டம்மாவே ஒரு நாள் கேட்டில் வந்து, "பிக்கப் உள்ள இருக்காருங்களா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். என்னை அவர் 'டைப்பு' என்று கூப்பிடுவார். கம்பெனி ஷெட்தான் அவருக்கு உலகம். மதியச் சாப்பாட்டைக்கூட ஏதாவது ஒரு வண்டியின் பானட் மேல் வைத்துத்தான் சாப்பிடுவார்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு எல்லாமே தோல்தான். குழாய் ஒழுகினால் தோல் வாசர். சைக்கிள் பிரேக் கட்டை தேய்ந்தால் தோல். ஆபீஸ் மேஜை ஆடினால் காலுக்கடியில் நாலு மடிப்புத் தோல். கடைக்குப் போய் ரப்பர் வாங்கி வந்தவனை எல்லாரும் ஊதாரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். வாடையா? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைவோம். அப்புறம் அதுவும் பழகிவிடும். அதற்குப் பிறகு எங்களுக்கெல்லாம் மூக்கு இருந்தது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான்.

இந்த நிலைமையில் முதலாளியின் மச்சான் ஜெர்மனியிலிருந்து ஊர் திரும்பினார். கூடவே ஒரு சிவப்புக் கார். பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருக்காது. முதுகோடு சேர்த்து வெட்டிவிட்டு, அங்கே ஒரு கதவு வைத்திருந்தார்கள்.

"இன்னா மொதலாளி, டிக்கிய கஸ்டம்ஸ்ல புடிச்சிக்கினாங்களா?" என்று பிக்கப் உண்மையான கவலையோடு விசாரித்தார்.

ஆனால் மிதித்ததும் அந்தச் சோப்பு டப்பா காட்டிய வேகம்! பிக்கப் முதல் தடவை ஓட்டிவிட்டு இறங்கியபோது கண் கலங்கியிருந்தது. "டைப்பு, இதான்டா பிக்கப்பு. இதுக்காவத்தான்டா நான் பொறந்தேன்" என்றார். முதலாளி வண்டியை மச்சானிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பிக்கப் அதே வாரம், ஒரு ரிப்பேரும் இல்லாத அந்த வண்டியை, "உள்ள இன்னா வெச்சிருக்கான்னு பாத்து வெச்சிக்கிறேன்" என்று சொல்லி மொத்தமாகப் பிரித்து மொத்தமாக மாட்டினார்.

இரண்டு மாதம் ராஜநடை. அப்புறம் வண்டி படுத்துவிட்டது. அதிலும் ஒரு விசித்திரம். வேகமாகப் போகும்போது பழைய ராக்கெட்தான். மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் ஒரு பெருமூச்சு விட்டு, யோசித்து, மனசு வந்தால் நகரும். மார்க்கெட் ரோட்டில் புளி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று முதலாளியைத் தாண்டிப் போனது. வண்டிக்காரன் திரும்பி வேறு பார்த்தானாம்.

பிக்கப் களத்தில் இறங்கினார். முதல் நாள் பெட்ரோல் மேல் பழி. "நம்ம பெட்ரோல் இதுக்கு ஒத்துக்கல. புது மருமவளுக்கு தண்ணி ஒத்துக்காத மாதிரி." பெட்ரோலை மாற்றினார். பிளக்கை மாற்றினார். டயரில் காற்றை ஏற்றினார், இறக்கினார். கடைசியில் முதலாளியையே மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெயிட்டு ஜாஸ்தி ஆயிட்டீங்களோ?" என்றார். முதலாளி அன்றைக்கு அவரிடம் பேசவில்லை.

இதில் என் பாடுதான் திண்டாட்டம். பிக்கப் ஒரு பரிசோதனை வைத்திருந்தார். நான் முன்சீட்டில் உட்கார வேண்டும். என் கையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் டீ. அவர் ஆக்சிலேட்டரை ஒரே மிதி மிதிப்பார். டீ என் சட்டையில் கொட்டினால் வண்டிக்குப் பிக்கப் இருக்கிறது, கொட்டாவிட்டால் இல்லை. மெதுவாகப் போகும்போது மிதித்தால் டீ அசையவே அசையாது. நான் நிம்மதியாக ஒரு வாய் குடித்துக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் வேகம் பிடித்த பிறகு திடீரென்று மிதித்தாரென்றால் மொத்த டீயும் என் மேல். "பாத்தியா, மேல இருக்குது, கீழ இல்ல!" என்று அவர் துள்ளுவார். அந்தக் காலத்தில் என்னிடம் வெள்ளைச் சட்டை என்று ஒன்று மிஞ்சவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி ஷெட்டுக்கு வந்தார். அவர் மகளைக் கொடுக்கப்போகிற பெங்களூர் சம்பந்தி, ஒரு மர வியாபாரி, ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. ஜெர்மன் காரில் ஏலகிரி மலைக்குக் கூட்டிப்போவதாக முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார்.

"இதோ பாரு பிக்கப். ஞாயித்துக்கெழம வண்டி மலை ஏறணும். ஏறலன்னா திங்கக்கெழம மெட்ராஸ்லருந்து மெக்கானிக் வர்றான். ஷெட் சாவிய அவன்கிட்ட குடுத்துட்டு நீ சுண்ணாம்புத் தொட்டிக்குப் போயிடு" என்றார்.

சுண்ணாம்புத் தொட்டி என்றால் பச்சைத் தோலை ஊறவைத்து மயிர் நீக்கும் இடம். பிக்கப்பைப் போன்ற முழங்கால் வலிக்காரர்கள் தாங்குகிற வேலை இல்லை. அதைவிடப் பெரிய கொடுமை, அங்கே இன்ஜின் சத்தமே கேட்காது. பிக்கப் அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவேயில்லை. "டைப்பு, என்ன வேணா பண்ணச் சொல்லு. அந்தச் சாவிய மட்டும் எவன்கிட்டயும் குடுக்கச் சொல்லாத" என்றார். எப்போதும் பத்துப் பேரைக் கிண்டல் செய்கிற வாய் அப்படிக் கெஞ்சி நான் அதுவரை கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். முதலாளி ஓட்டுகிறார். பக்கத்தில் சம்பந்தி, மடியில் அவர் கொண்டுவந்த பெரிய ஸ்வீட் டப்பா. பின்னால் பிக்கப்பும் நானும். என் மடியில் பிரியாணி தேக்சா. என்னை எதற்குக் கூட்டிப்போனார்கள் என்று இனிமேல் கேட்க மாட்டீர்கள்.

நெடுஞ்சாலையில் வண்டி பறந்தது. சம்பந்தி முகத்தில் ஒரே பூரிப்பு. மலை அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. முதலாளி வேகத்தைக் குறைத்துத் திருப்பி, மிதித்தார். வண்டி பெருமூச்சு விட்டது. நானும் பிக்கப்பும் இறங்கித் தள்ளினோம். அடுத்த வளைவிலும் அதே கதை. பாறை மேல் உட்கார்ந்திருந்த குரங்குக் குடும்பம் ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வளைவில் வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டது.

சம்பந்தி இறங்கி மூக்கைச் சுளித்தார். "ஏதோ செருப்பு கருகற வாடை வருதே. உங்களுக்கு வரல?"

நாங்கள் மூவரும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

"மலைக் காத்து சம்பந்தி, அப்படித்தான் இருக்கும்" என்றார் முதலாளி.

"மலையில யாருங்க செருப்ப வறுக்கறாங்க?"

பிக்கப் பானட்டைத் திறந்தார். சம்பந்தி இன்ஜினுக்கு மேல் குனிந்து, இங்கே முகர்ந்து, அங்கே முகர்ந்து, கார்புரேட்டருக்கு நேராக வந்ததும் தும்மினார். "இங்கதான்!"

பிக்கப் சரசரவென்று கழற்றினார். கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் சந்து விழாமல் அடைக்கப் போட்டிருந்த பாக்கிங், சூட்டில் அப்பளமாகச் சுருங்கி, ஓரமெல்லாம் கருகி, ஒரு பக்கம் நகம் நுழைகிற சந்து விட்டிருந்தது.

"கெடச்சிடுச்சி!" என்று பிக்கப் அதைத் தூக்கிப் பிடித்துக் குதித்தார். "மொதலாளி, இந்தச் சந்து வழியா திருட்டுக் காத்து பூந்திருக்குது! மெதுவா போறப்போ இன்ஜின் குடிக்கறதே ஒரு டம்ளர் பாலு. அதுல ஒரு கரண்டி தண்ணி கலந்தா ருசி போயிடும்ல? வேகமா போறப்போ அண்டா அண்டாவா குடிக்குது, ஒரு கரண்டி தண்ணி எந்த மூலைக்கு? அதான் மேல இருக்குது, கீழ இல்ல!"

அவருக்கு இருந்த சந்தோஷத்தில் ஒரு விஷயம் மறந்தே போயிருந்தது. அந்தப் பாக்கிங் ஜெர்மனியில் போட்டது இல்லை. பிரித்து மாட்டிய அன்று பழையது கிழிந்துபோக, நம்ம தோலை மிஞ்சி உலகத்தில் என்ன இருக்கிறது என்று அவரே வெட்டிப் போட்டது.

சம்பந்தி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்க கம்பெனித் தோலா? கொஞ்சம் சூடு பட்டா இப்படியா ஆயிடும்?"

முதலாளியின் முகம் செத்துவிட்டது. மூன்று தலைமுறையாகத் தோல் பதனிடும் குடும்பம். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் அந்தக் கேள்வி.

பிக்கப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். 'ஆமாங்க, தோல் சரியில்லீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி தோலுக்குப் போய்விடும், சாவி இவரிடமே இருக்கும். அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தன் மேல் தப்பு என்று ஒப்புக்கொண்டவர் கிடையாது.

"தோல் மேல தப்பில்லீங்க" என்றார். "ஜெர்மன்காரன் காலுல போடறதுக்கு செஞ்ச தோலுங்க இது. அத அடுப்பு மேல கொண்டுபோயி வெச்சது நான்தாங்க. மடத்தனம் என்னுது."

பிக்கப் முன்சீட்டிலிருந்து ஸ்வீட் டப்பாவை எடுத்து, மைசூர்பாகை என் கையில் கொட்டிவிட்டு, மூடியின் அட்டையைப் பேனாக்கத்தியால் வெட்ட ஆரம்பித்தார். அட்டை பாக்கிங் உள்ளே போனது. நட்டை முடுக்கினார். எல்லாரும் ஏறிக்கொண்டோம்.

"மிதிங்க மொதலாளி!"

அடுத்த வளைவில் முதலாளி மிதித்தார். வண்டி ஒரே பாய்ச்சல். தேக்சா மூடி எகிறிப் பின்கண்ணாடியில் அடித்தது. கால்வாசிப் பிரியாணி என் கழுத்துக்கும் சட்டைக்கும் நடுவில் சூடாக இறங்கியது. நான் அலறினேன். "அதாண்டா பிக்கப்பு!" என்று அவர் என் தொடையில் ஓங்கி அடித்தார். முன்சீட்டில் சம்பந்தி சின்னப் பையன் மாதிரி விசில் அடித்தார்.

மேலே போய் மரத்தடியில் ஜமக்காளம் விரித்து, மிச்சப் பிரியாணியைப் பிரித்தோம். பிக்கப் மட்டும் காருக்குப் பக்கத்தில் தள்ளியே நின்றார். முதலாளி அதட்டிக் கூப்பிட்டபிறகுதான் வந்து என்னருகில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் மெதுவாக, "நாளைக்கு அந்த மெட்ராஸ்காரன் எந்த ரயில்ல வர்றான்?" என்று கேட்டார்.

அது முதலாளி காதில் விழுந்துவிட்டது. தன் இலையிலிருந்த பெரிய கறித்துண்டை எடுத்துப் பிக்கப்பின் இலையில் வைத்தார்.

"எந்த மெட்ராஸ்காரன்?" என்றார்.

பிக்கப் தலையைக் குனிந்துகொண்டார். வெகுநேரம் அந்தத் துண்டைத் தொடவேயில்லை. "சாப்புடுய்யா, ஆறிடப் போவுது" என்றேன். இந்த மனுஷன் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.