ஒழுகாத படகு

படகின் அடியில் மறுபடியும் ஓட்டை இருந்தது.

ஹரிதாஸ் தகரக் கொட்டகையில் குனிந்து விரலை விட்டுப் பார்த்தான். கட்டைவிரல் தாராளமாகப் போனது. திங்கட்கிழமை அவன் அடைத்தது ஒரே ஒரு பழைய விரிசல்தான். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் பக்கத்தில் ஒரு ஓட்டை. அதையும் அடைத்தான். இன்று புதன். இரண்டு ஓட்டைகள், வட்டமாக, அளவெடுத்துப் போட்ட மாதிரி.

“எலி இல்ல. இது மனுஷன் வேலை,” என்றான், யாரும் இல்லாத கொட்டகையில்.

போன வாரம் தேயிலைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி திருமாறன் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “பழைய பைபர் படகு ஒண்ணு கொட்டகையில கிடக்கு பாரு. மேனேஜர் துரை அதைக் குளத்தோரத்து டீக்கடைக்குக் கேக்குறாரு. மூக்கு உடைஞ்சிருக்கு, சாயம் போயிருக்கு. சனிக்கிழமை வந்து பார்ப்பாரு. நல்லா வந்துச்சுன்னா உனக்கு இனிமே அங்கேயே வேலை. மேட்டுக்குப் போக வேணாம்.”

பத்தொன்பது வருஷம் கொழுந்து வெட்டும் மிஷினைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறி இறங்கியவன் ஹரிதாஸ். வலது முட்டி தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் ஏறினால் கம்பு ஊன்றித்தான் நடக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளம், டீக்கடை, டூரிஸ்ட், படகு. மீதியை ஹரிதாஸே சேர்த்துக்கொண்டான். அன்று சாயங்காலமே பிரிஞ்சாங் சந்தைக்குப் போய் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை ஒன்று வாங்கிவந்தான்.

“உங்களுக்கு நீச்சலே தெரியாதேங்க,” என்றாள் மனைவி திலகா.

“படகுல உக்காந்திருக்கிறவன் எதுக்கு நீந்தணும்?”

சந்தேகம் நேராகத் தங்கராஜு மேல் போனது. தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிறவன். நல்லா நீந்துவான். திங்கட்கிழமை கொட்டகைப் பக்கம் வந்து, “என்ன அண்ணே, படகா?” என்று கேட்டிருந்தான். படகைப் பார்த்துப் படகா என்று எவனாவது கேட்பானா?

ஹரிதாஸ் இரண்டு ஓட்டைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, பைபர் பாயை வெட்டி வைத்து, ரெசின் பசையைப் பூசினான். மலைக் குளிரில் ரெசின் இறுகவில்லை. பாயசம் மாதிரி கிடந்தது. கெட்டியாக்கும் மருந்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினான். அதுவும் போதாதென்று மேலும் ஊற்றினான். டப்பா புகைந்து, உருகி, அவனுடைய பூட்ஸில் ஒட்டிக்கொண்டது. ஒட்டுப்போட்டதே தெரியாதபடி மேலே பச்சைச் சாயம் அடித்துவிட்டு, ஒற்றை பூட்ஸோடு வெளியே வந்தான்.

பக்கத்து நாற்றங்காலில் அம்மாக்கண்ணு அக்கா சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காலை வேலை. அவன் மேட்டிலிருந்து இறங்கி வரும்போதுதான் அவள் வீட்டுக்குக் கிளம்புவாள்.

“அக்கா, காலையில இங்க யாராச்சும் வர்றாங்களா? என் வேலையை எவனோ கெடுக்குறான்.”

என்ன வேலை, எப்படிக் கெடுக்கிறான் என்று சொல்லவில்லை. அக்காவே தங்கராஜுவுக்குத் தூரத்துச் சொந்தமாக இருந்தால்?

அம்மாக்கண்ணு சுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “உனக்குமா தம்பி? என் வேலையையும்தான் ஒருத்தன் கெடுக்குறான். இன்னைக்குச் செஞ்சா நாளைக்கு இல்ல.”

“ஒரே ஆளாத்தான் இருக்கும்.”

“இருக்கும் லா. நீ சாயங்காலம் கண்ணு வை. நான் காலையில பாத்துக்குறேன்.”

வாரத்தில் முதல்முறையாக ஹரிதாஸுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது.

வியாழக்கிழமை மூன்று ஓட்டைகள் இருந்தன. முந்தினதைவிடப் பெரியவை. கொட்டகை வாசலில் அவன் தூவி வைத்திருந்த தேயிலைத் தூளில் பூட்ஸ் தடம் பதிந்திருந்தது. தடத்தைக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு தங்கராஜுவிடம் போனான்.

“காலைத் தூக்கு.”

“எதுக்குண்ணே?”

“தூக்குடா.”

தங்கராஜு டிராக்டரில் உட்கார்ந்தபடியே தூக்கினான். தடம் அச்சாகப் பொருந்தியது.

“மாட்டிக்கிட்டியா?”

“அண்ணே, இது தோட்டத்துல எல்லாருக்கும் குடுத்த பூட்ஸ். உங்க கால்ல பாருங்க.”

ஹரிதாஸ் பார்த்தான். மிச்சமிருந்த ஒற்றை பூட்ஸிலும் அதே தடம்தான்.

“ஆமா, அந்தப் படகுக்கு ஏண்ணே இவ்வளவு மல்லுக்கட்டுறீங்க? அந்தக் குளத்துல தண்ணி முட்டி வரைக்கும்கூட இல்லையே. வாத்தே நடந்துதான் போகுது.”

பொறாமை எப்படியெல்லாம் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு ஹரிதாஸ் திரும்பினான். ஆனாலும் இனி படகைக் கொட்டகையில் விடக் கூடாது. ரெசினும் இறுகணும். சாயங்காலம் மூன்று ஓட்டைகளையும் அடைத்து, படகைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பாக்டரிக்குக் கொண்டுபோய், தேயிலை காயவைக்கும் அறையில், சூடான அடுப்புப் பக்கம் ஒட்டி வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை மேட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தான். ஓட்டையே இல்லை. ரெசின் கல்லாக இறுகியிருந்தது. கூடவே அன்றைய தேயிலை முழுக்கச் சாய வாடை.

கிராணி ஒரு கிளாஸ் டீயை அவன் மூக்கில் இடித்தார். “குடி.”

“வேணாங்க ஐயா.”

“உன்னால துரைகிட்ட நான் பேச்சு வாங்கினேன். நாளைக்குப் படகுல ஒரு குறை இருந்துச்சு, திங்கட்கிழமை நீ மேட்டுலதான் நிப்பே. இதைத் தூக்கு முதல்ல.”

படகு கொட்டகைக்குத் திரும்பியது. அங்கே அம்மாக்கண்ணு கலங்கிப் போய் நின்றாள்.

“காலையில படகையே காணோமேன்னு பதறிப் போயிட்டேன் தம்பி.”

இவ்வளவு அக்கறை கூடப்பிறந்தவளுக்குக்கூட இருக்காது. ஹரிதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “இன்னும் ஒரு நாள்தான்கா. நாளைக்கு துரை பாத்துட்டா முடிஞ்சுது.”

“எனக்கும் நாளைக்குத்தான் தம்பி கெடு. நானும் விடப்போறதில்ல.”

அன்று சாயங்காலம் அடியில் ஐந்து அடுக்குப் பாய் போட்டு ஒட்டினான். சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும், அம்மாக்கண்ணு வருவதற்கு முன்பே, தங்கராஜுவின் டிராக்டரிலேயே படகை ஏற்றி, கண்ணெதிரே வைத்துக்கொண்டு குளக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டான். சந்தேகப்படுகிறவனைப் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்பது அவன் கணக்கு.

பனி விலகியபோது படகு பச்சையாகப் பளபளத்தது. உடைந்த மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. ஹரிதாஸ் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, துடுப்பைக் கையில் பிடித்து, முட்டி வலியை மறந்து விறைப்பாக நின்றான்.

துரையும் கிராணியும் வந்தார்கள். துரை படகை ஒரு சுற்று சுற்றிவந்தார். “நல்லா இருக்கு,” என்றார். பிறகு சட்டையைப் பார்த்தார், துடுப்பைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார். கிராணி வானத்தைப் பார்த்தார்.

“ஒரு சொட்டு ஒழுகாதுங்க துரை. இப்பப் பாருங்க,” என்று ஹரிதாஸ் குளத்தில் வாளியை முக்கி, படகுக்குள் தண்ணீரை ஊற்றினான். இரண்டாவது வாளியையும் ஊற்றினான். தண்ணீர் அசையாமல் நின்றது. அவன் பத்தொன்பது வருஷத்தில் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தான்.

அப்போது மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள் அம்மாக்கண்ணு. அவளுக்குப் பின்னால் தள்ளுவண்டி நிறையப் பூநாற்றுகள். படகுக்குள் எட்டிப் பார்த்தாள். தேங்கி நின்ற தண்ணீரையும் ஹரிதாஸையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாகக் கூடைக்குள் கையை விட்டு ஒரு துளைபோடும் மிஷினை எடுத்தாள்.

“வேரு அழுகாம தண்ணி வடியட்டும்னு மூணு நாளா நான் போட்ட ஓட்டையை அடைச்சவன் நீதானா தம்பி? அந்தச் சட்டையைக் கழட்டி வச்சுட்டுத் தள்ளி நில்லு, ஆனா வாளியைக் கீழே வைக்காதே, திங்கட்கிழமையிலேருந்து இந்தப் பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்துறதுதான் உனக்கு வேலையாம்.”